நிச்சயத்துக்குப் பிறகும் மாப்பிள்ளை பார்த்த அண்ணன்

நான் கம்ப்யூட்டர் வாத்தியார். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. பாதியில் தெரிந்தால் உங்களுக்கு என் மேல் கோபம் இன்னும் கூடும். காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 'கடைசி வரி வரை படிக்காமல் எதற்கும் சம்மதம் அழுத்தாதீர்கள்' என்று வருஷா வருஷம் பாடம் எடுப்பவன். அந்தப் பாடத்தை எடுத்த அதே வாரத்தில்தான், என் தங்கச்சி செல்வியை வரன் தேடும் ஒரு செயலியில் பதிந்து, ஒரு வரிகூடப் படிக்காமல் ஆறு இடத்தில் சம்மதம் அழுத்தினேன்.

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் நடக்கப்போகிற முதல் நல்ல காரியம் செல்வியின் கல்யாணம். எல்லாம் என் தலையில்தான் என்று நானே முடிவு செய்து, பெரிய மனிதன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். செயலியில் பதிவு இலவசம். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது: 'உங்கள் சார்பில் வரன் வீட்டாரிடம் நாங்களே பேசுவோம், முப்பது நாள் இலவசம்.' வங்கி அட்டையின் நம்பரைக் கேட்டார்கள், சும்மா சரிபார்க்கத்தானாம். (சும்மா எவனாவது அட்டை நம்பர் கேட்பானா என்று என் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கே தெரியும்.) நான் கொடுத்தேன். அப்போது வைகாசி கடைசி.

சம்பந்தம் அந்தச் செயலி வழியாக வரவில்லை. அம்மாவின் சித்தி மகள் கல்லல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் பேசிக்கொண்டே வந்ததில் அமைந்தது. மாப்பிள்ளைக்குக் கல்லலில் உரக்கடை. செல்விக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பதை அவள் வாயால் சொல்லவில்லை, அந்த வாரம் முழுக்க என்னோடு சண்டை போடாமல் இருந்தாள், அதில் தெரிந்துகொண்டோம். ஆனி மாதக் கடைசியில் பூ வைத்து நிச்சயம் செய்தார்கள். ஆவணியில் கல்யாணம்.

நிச்சயம் முடிந்த அன்று சாயங்காலமே செயலியைத் திறந்தேன். இலவசம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது என்பதை தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'செல்வி அவர்களின் பதிவை ரத்து செய்கிறீர்களா?' கீழே செயலிக்காரன் காரணம் கேட்டிருந்தான். பொருத்தமில்லை, விருப்பமில்லை, திருமணம் நின்றுவிட்டது என்று வரிசையாகப் போட்டிருந்தான். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் வாசித்துவிட்டாள்.

"வச்ச பூ இன்னும் வாடல. அதுக்குள்ள எம் மக பேரைப் போட்டு ரத்துன்னு அழுத்துறியா நீ?"

இது வேறம்மா, இதை நிறுத்தாவிட்டால் அதுவாக ஓட ஆரம்பித்துவிடும் என்றேன். ஓடட்டும், என்ன கெட்டுப்போகிறது என்றாள். நல்லது நடந்த வீட்டில் வேண்டாம் என்ற சொல்லே வரக்கூடாதாம். வீட்டில் எண்ணெய் தீர்ந்தாலும் இல்லை என்று சொல்லாமல் நிறைந்திருக்கிறது என்று சொல்கிற மனுஷி அவள். அவளே ஒரு தேதியும் குறித்துக் கொடுத்தாள்.

"ஆடி பொறக்கட்டும். எதுக்கும் ஆகாத மாசம். அதுல உன் ரத்து எல்லாத்தையும் பண்ணிக்க."

அந்தச் செயலிக்காரனுக்கு ஆடியும் தெரியாது, ஆனியும் தெரியாது. மூன்றாம் நாள் சரியாகப் பணத்தை எடுத்துக்கொண்டான். நான் ஆடி முதல் தேதி காலையில் குளித்துவிட்டு வந்து பயபக்தியோடு திறந்தபோது, 'நீங்கள் மூன்று மாதத் திட்டத்துக்கு மாறிவிட்டீர்கள், இடையில் நிறுத்த இயலாது' என்று வாழ்த்தியிருந்தான். பணம் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கம்ப்யூட்டர் வாத்தியார் ஏமாந்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் தப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அம்மா ஒன்றும் தப்புச் செய்யவில்லை.

அதற்கப்புறம் போனில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 'உங்கள் சார்பில் பேசி வருகிறோம்.' 'ஒரு குடும்பத்தார் உங்கள் இல்லம் வர விரும்புகிறார்கள். பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்.' எல்லாம் விளம்பரம் என்று நினைத்துச் சத்தத்தை அணைத்து வைத்தேன்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை, ஜவுளி எடுக்க மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் கல்லலிலிருந்து வந்தார்கள். எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு எல்லோருமாகக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. அவர்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கையில் பழத் தாம்பாளத்தோடு ஒரு பெரியவர், அவர் சம்சாரம், புதுச் சட்டையில் ஒரு பையன் என்று மூன்று பேர் இறங்கினார்கள்.

எங்கள் பக்கத்தில், தாம்பாளத்தோடு வந்தவரை நீங்கள் யார் என்று வாசலில் வைத்துக் கேட்கிற வழக்கமில்லை. கேட்டால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு வரும். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்து அம்மா வாய் நிறைய வாங்க வாங்க என்றாள். எங்கள் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து கும்பிட்டார்கள். நானே அந்தப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சோபாவில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மாப்பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தார். அந்தப் பையன் உர விலை எல்லாம் விசாரித்தான். பத்து நிமிஷம் அந்தக் கூடத்தில் இருந்த ஒற்றுமையை நான் பிறகு எந்த விசேஷத்திலும் பார்க்கவில்லை.

செல்வி காப்பித் தட்டோடு வந்தாள். பெரியவர் தன் மகன் பக்கம் சாய்ந்து, கூடத்துக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்.

"நல்லாப் பாத்துக்கப்பா. பெறகு பாக்கலைன்னு சொல்லக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். நீங்கள் யார் வகையில் என்று பெரியவரைக் கேட்டார். திருக்கோஷ்டியூர் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறோம், நீங்களும் பெண்ணுக்குச் சொந்தமா என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். பிறகு போனை எடுத்து நீட்டினார். செல்வியின் படம், எங்கள் விலாசம், 'வரன் தேடல் தொடர்கிறது' என்ற வரி, முந்தின நாள் தேதி எல்லாம் பளிச்சென்று இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம்.

"மதினி, பூ வச்சு நாப்பது நாளாச்சு. இதை விட நல்ல இடம் வந்தா மாத்திக்கலாம்னு இருந்தீகளா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா படத்தைப் பார்த்தாள். நான் எழுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். (சும்மா நின்றிருக்கலாம்.) இலவசம் என்றால் என்ன, அது எப்படித் தானாகக் கட்டணமாகிறது, இணைப்புச் சேவை எத்தனை வகைப்படும் என்று கரும்பலகை ஒன்றுதான் பாக்கி. நாங்கள் நிறுத்தாததால் அது தொடர்ந்தது என்று நான் சொன்னதை, நிறுத்த மனசில்லாமல் தொடர்ந்தோம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

செல்வி தட்டைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, எங்க அண்ணனுக்கு விளக்கம்தான் சொல்லத் தெரியும், தப்பை ஒத்துக்கத் தெரியாது. நிறுத்தாம விட்டது அண்ணன் தப்பு. நான் யாரையும் தேடச் சொல்லல. உங்க மகனைப் புடிச்சிருக்குன்னு அன்னைக்கு வெக்கப்பட்டு சொல்லாம விட்டேன், இப்பச் சொல்றேன். இனி நீங்க பாத்துச் சொல்லுங்க."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்பா இருந்து செய்ய வேண்டியதைச் செய்கிறேன் என்று கிளம்பியவன், சபையில் தங்கச்சியே தன் வாயால் சொல்லும்படி வைத்துவிட்டேன்.

முதலில் எழுந்தவர் திருக்கோஷ்டியூர்ப் பெரியவர்தான். தெரியாமல் வந்துவிட்டோம் என்று எல்லோரையும் கும்பிட்டார். பழத் தாம்பாளத்தை எடுத்து மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுத்தார்.

"கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டுபோக மாட்டோம் தாயி. இந்தப் புள்ளைக்கும் உங்க மகனுக்கும்னே இருக்கட்டும். இப்படி சபையில சொல்ற புள்ளை யாருக்கு வாய்க்கும்?"

அந்தம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மாப்பிள்ளை செல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார், காதெல்லாம் சிவந்திருந்தது. பெரியவரை உட்காரச் சொல்லி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அந்தம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் போனை இங்குட்டுக் குடுங்க."

கொடுத்தேன். கைப்பைக்குள் போட்டு மூடினார்.

"கல்யாணம் முடியட்டும். பெறகு வாங்கிக்கங்க."

கல்யாண வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, இருபது நாள் போன் இல்லாமல் சைக்கிளில் ஊரைச் சுற்றினேன். சமையல்காரர், பந்தல்காரர், நாதஸ்வரக்காரர் எல்லோரும் என்னைத் தேடிக் கல்லலுக்குத்தான் பேசினார்கள். அந்தம்மாவே எடுத்துப் பதில் சொல்லி முடித்தார். பார்க்கப்போனால் கல்யாணத்தை நடத்தியது அவர்தான். செயலிக்காரன் பேசியதற்கும் அவரே பதில் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது, அதன்பின் அவன் ஒரு செய்திகூட அனுப்பவில்லை.

செல்வி மட்டும் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு வந்தவள் வாசலில் நின்று, "அண்ணே, உள்ள வரலாமா, இல்ல வேற யாருக்கும் எடம் போட்டுருக்கியா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். எனக்கும் கல்யாணமாகிவிட்டது. பெண் பார்த்தது செல்வியின் மாமியார்தான், பஸ்ஸில். காதுகுத்தோ வளைகாப்போ, எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விசேஷம் வந்தாலும் வாசலில் சந்தனம், கற்கண்டுக்குப் பக்கத்தில் ஒரு காலித் தட்டு இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மொய்க்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அது என் போனுக்கு. செல்விதான் தட்டை நீட்டுவாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இப்போது தலைமை ஆசிரியர் பதவி. இருந்தாலும் போனை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.