பூஜ்ஜியப் பிழைக்காரர்

மனிதர்களில் பூஜ்ஜியப் பிழைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இணையப் பக்கம் செய்து தரும் எந்த அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள். ஏசிக்கு நேர் கீழே, ஆறிப்போன காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையை முறைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரேதான்.

அவர் தட்டச்சு செய்கிற எடிட்டர் மென்பொருளுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்பான் குடியிருக்கிறது. டேக் என்கிற குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால் போதும், அடியில் சிவப்பாக ஒரு நெளிகோடு போட்டுவிடும். நல்ல வசதிதான், யார் இல்லையென்றது? ஆனால் நம்மவர் ஒரு வரி அடிப்பார், சேமிப்பார், சரிபார்ப்பார், கீழே "பிழைகள்: 0" என்று வந்ததும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விடுவார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார், அந்த ஆள் தலையாட்டும்வரை விடமாட்டார், பிறகு அடுத்த வரிக்குப் போவார். அந்த இணையப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்கிறீர்களா? அதை யார் படித்தார்கள்!

ஒரு பல் டாக்டரின் இணையப் பக்கத்தில் "இங்கே உங்களைப் பற்றி ஏதாவது எழுதவும்" என்ற மாதிரி வாக்கியம் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. டாக்டர் வந்து சத்தம் போட்டார். நம்மவருக்கு ரோஷம் வந்துவிட்டது. டேகெல்லாம் கச்சிதமாக மூடியிருக்கிறதே, இந்த மனிதருக்கு இன்னும் என்னதான் வேண்டும் என்று அன்று முழுக்கப் பொருமினார்.

இவருக்கு ஒரு மனைவி. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, நகையை விற்று ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, சுவருக்குத் தானே வெள்ளையடித்து, சொந்தமாக வகுப்பு தொடங்கினாள். அவளுடைய பல வருஷக் கனவு. அதற்கு இணையப் பக்கம் செய்யும் பொறுப்பு கணவருக்கு. வேறு யாரிடம் கொடுப்பாள், பாவம்?

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, விலாசமும் போன் நம்பரும் இருந்த பகுதியில் ஒரு சிவப்பு நெளிகோடு விழும்வரை. எதையோ மூடவில்லை. எதை என்று தேடினார், கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் அரித்தது. கடைசியில் தொழில் தெரிந்தவர் செய்யும் காரியத்தைச் செய்தார். அந்தப் பகுதி முழுவதற்கும் முன்னும் பின்னும் மறைப்புக் குறி போட்டார். மறைப்புக்குள் இருப்பதைச் சரிபார்ப்பான் பார்க்காது. பக்கத்தைத் திறக்கிறவர் கண்ணுக்கும் தெரியாது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். பிழைகள்: பூஜ்ஜியம். நிம்மதியாக ஊருக்கெல்லாம் பக்கத்தை அனுப்பிவிட்டார்.

முதல் நாள் அந்த அறையில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? "அனைவரும் வருக" என்று பக்கம் கூப்பிட்டது, எங்கே என்றுதான் சொல்லவில்லை. புதுப்புடவையோடு உட்கார்ந்திருந்தவள், தனக்கு ராசியே இல்லை என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். விலாசத்தைத் தேடினாள், நம்பரைத் தேடினாள். அங்கேயே உட்கார்ந்திருந்த கணவர் முன்னால் போனை வைத்தாள்.

"ஏங்க, விலாசம் எங்கங்க?"

"அதுல ஒரு சின்னத் தப்பு இருந்தது, மறைச்சு வெச்சிருக்கேன். இப்ப பக்கத்துல ஒரு தப்புகூட இல்ல, வேணும்னா சரிபார்ப்பான ஓட்டிக் காட்டறேன்."

அவள் எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் என்ன சொல்லித் தரப் போறேன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மெல்லப் போன் திரையை எட்டிப் பார்த்தார்.  அவள் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள்.

மகா பாவி என்கிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். எனக்கும் அப்படித்தான் வயிறு எரிந்தது. ஆனால் இவ்வளவு தூரம் படித்தீர்களே, அவள் எதைச் சொல்லித் தரும் வகுப்பு தொடங்கினாள் என்று நான் எங்குமே சொல்லவில்லை. வாக்கியமெல்லாம் ஒழுங்காக முடிந்ததா, உங்களுக்கும் அது போதுமாக இருந்துவிட்டது.