சிலிக்கான் சேகரனும் மடியாத வாழையிலையும்

ஒற்றை மருந்துக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. யாருக்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னாலேயே டப்பாவைத் திறந்துவிடுகிற ஆசாமிகள். போன வருஷம் வெந்தயத் தண்ணீர், அதற்கு முந்திய வருஷம் செம்புக் குவளை, அதற்கும் முன்னால் காலையில் வெறுங்காலோடு புல்லில் நடப்பது என்று ஊரையே நடக்கவிட்டவர்கள். மனித உடம்பை வைத்துக்கொண்டு இவர்கள் செய்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம், நாம் ஓடித் தப்பித்துவிடுவோம். இவர்கள் செடிகொடிகளின் பக்கம் திரும்பினால்? செடி எங்கே ஓடும்?

சந்தேகம் இருந்தால் மலாக்காவில், பாயா ரும்புட்டில், தாமான் என்று சொல்லும் குடியிருப்பின் கடைசியில் இருக்கும் மூலை வீட்டை எட்டிப் பாருங்கள். சேகரனின் வீடு. முப்பத்தொரு வருஷம் குருபோங் பக்கத்தில் ஒரு சிப் தொழிற்சாலையில், தலையில் துணிக் குல்லாயும் வாயில் மூடியுமாகச் சிலிக்கான் தகடுகளோடு வாழ்ந்து, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து, இனி என்ன செய்வது என்று தெரியாமல் ஆறு மாதம் மனைவி பவானேஸ்வரியின் சமையலைத் திருத்திக்கொண்டிருந்தவர், ஒரு நாள் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தார். செடிகளுக்குச் சிலிக்கான் சத்தும் இன்னும் சில தாதுக்களும் கொடுத்தால் வெயில், வறட்சி, உப்புக்காற்று எல்லாவற்றையும் தாங்குமாம். தொலைந்துபோன தம்பி கிடைத்ததுபோல மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. பவானேஸ்வரிக்கும் நிம்மதி. சாம்பார் தப்பித்ததே!

அன்றிலிருந்து அவருடைய இடுப்பில் ஒரு ஸ்ப்ரே பாட்டில். காலையில் எழுந்ததும் பல் துலக்குகிறாரோ இல்லையோ, கறிவேப்பிலை மரத்தின் முன்னால் நின்று ஓர் இலையைப் பிடித்து, மெதுவாக வளைத்து, காதுக்கருகே கொண்டுபோய்க் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்கிச் சொல்வார்.

"ஸ்ட்ரெஸ்."

இலை மஞ்சளாக இருந்தால் ஸ்ட்ரெஸ். பச்சையாக இருந்தால் ஸ்ட்ரெஸ்ஸை மறைக்கிறது. நத்தை தின்றிருந்தால், தண்டில் வலு இருந்தால் நத்தை ஏன் வருகிறது? யாரோ ஒருவர் செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவர், சவப்பெட்டியின் மேல் வைத்திருந்த மலர்வளையத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டிருந்தவரின் காதில், "பூவுக்கு சிலிக்கா பத்தல" என்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "நமக்கு எலும்பு, செடிக்கு சிலிக்கா, அவ்ளோதான் லா!" என்பது அவர் ஒரு நாளைக்கு ஐந்து வேளையாவது ஓதும் மந்திரம்.

தூள்களெல்லாம் சமையலறையில் பழைய பிஸ்கட் டின்களில் குடியேறின. வெள்ளைத் தூள், சாம்பல் தூள், பாறைத் தூள். பவானேஸ்வரி ஒரு நாள் கோலமாவு என்று எடுத்து வாசலில் போட்டுவிட்டார். மூன்று மழைக்கும் அந்தக் கோலம் அசையவில்லை. திட்டுவார் என்று பார்த்தால், அதைப் படம் பிடித்துத் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டார் மனுஷர்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அது பலித்தது! இரண்டு மாதம் மழையே இல்லாமல் ஊர் காய்ந்தபோது, எல்லார் வீட்டு மிளகாய்ச் செடியும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, பக்கத்து வீட்டுப் பிரிஜிட் அக்காவின் செடிகள் மட்டும் பள்ளி அசெம்ப்ளியில் நிற்கும் பிள்ளைகள்போல் நிமிர்ந்து நின்றன. சேகரன் கொடுத்த மருந்து, சேகரன் சொன்ன அளவு. ஒருவனுக்கு ஒரு தடவை பலிப்பதுதான் பெரிய ஆபத்து. அப்புறம் அவனை யார் பிடிப்பது?

இந்த நேரத்தில்தான் மகள் ஷாந்தினியின் கல்யாணப் பேச்சு வந்தது. அவளும் தினேஸ்வரனும் நாலு வருஷமாகக் காதலிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரியும். பாக்கி ஒன்றே ஒன்று, தினேஸ்வரனின் அப்பா நாகமுத்து வாயைத் திறந்து சரி என்று சொல்ல வேண்டும். நாகமுத்து செர்காமில் கடலோரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். பேச்சு குறைவு, முறை அதிகம். "சாப்பிட்டு, இலைய மடிச்சிட்டு, பேசலாம்" என்பார். மூத்த மகனுக்குப் பெண் கேட்கப் போன ஒரு வீட்டில் இலையை மடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார் என்று செய்தி வந்ததும் ஷாந்தினிக்குத் தூக்கம் போயிற்று.

"ஏங்க, பசார்ல பத்து இல வாங்கிட்டு வந்துருங்க" என்றார் பவானேஸ்வரி.

"பசார் இலயா?" சேகரனுக்கு வந்த கோபம்! "லோங்காங் ஓரமா நம்ம வாழ நிக்குது. வர்றது சம்பந்தி. இல கிழியலாமா? வாடலாமா?"

லோங்காங் என்பது வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கால்வாய். அதன் கரையில் நின்ற நாலு வாழைகளுக்கும், கல்யாணப் பேச்சு வந்த கையோடு, ஒரு மாதம் முன்பே மருந்து தொடங்கியிருந்தது. அளவு ஒரு கரண்டி என்று டப்பாவில் போட்டிருந்தது. அது சாதாரண விருந்தாளிக்கு. சம்பந்திக்கு ஒரு கரண்டியா? ஐந்து கரண்டி, வாரத்துக்கு மூன்று வேளை.

ஞாயிறு வந்தது. கார் போர்ச்சில் மேசை போட்டு எட்டு இலை விரித்தார்கள். விரித்தார்கள் என்று சொல்வது தப்பு. இலைகள் படுக்கவில்லை. ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு சம்பான் படகு மாதிரி நின்றன. உதவிக்கு வந்த பிரிஜிட் அக்கா நாலு மூலையிலும் அப்பளத்தை வைத்து அமுக்கப் பார்த்து, அப்பளம் நொறுங்கியதுதான் மிச்சம்.

"இல தொறந்திருந்தா போட்டுக்கிட்டே இருங்கக்கா, கேக்காதீங்க" என்று பவானேஸ்வரி சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குக் குறை வரக்கூடாதல்லவா!

சாப்பாடு அமோகம். ரசம் ஊற்றினால் ஒரு சொட்டு வழியவில்லை. "பாத்தீங்களாண்ணே? எங்கயும் ஓடல!" என்று சேகரன் பூரித்துப்போனார். நாகமுத்து தலையை அசைத்தார், பாயசத்தை வழித்து முடித்தார், இலையின் மேல்பாதியைப் பிடித்துத் தன் பக்கம் மடித்தார். முறைப்படி. கையை எடுத்தார்.

டப்!

இலை திறந்துகொண்டது. ஒரு கறிவேப்பிலை பறந்துபோய் அவருடைய கண்ணாடியில் ஒட்டியது. திறந்த இலையைக் கண்ட பிரிஜிட் அக்கா ஒரு கரண்டி சோற்றைப் போட்டு சாம்பாரை ஊற்றினார். நாகமுத்து பாவம், விழுந்த சோற்றை வீணாக்காதவர். சாப்பிட்டார். மடித்தார். டப்! மறுபடி சோறு. மடித்து முழங்கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார முடியும்? டப்! மடித்த இலைமேல் தண்ணீர் டம்ளரை வைத்தார். டம்ளர் பூந்தொட்டியில் போய் விழுந்தது. நாலாவது பாயசம் வந்தபோது சர்க்கரை நோய்க்காரரான அவருடைய நெற்றியில் வியர்வை பொடித்துவிட்டது. மேசை முழுக்க டப், டப் என்று ஒரே சத்தம், பிரிஜிட் அக்காவுக்கோ கை ஓயவில்லை.

இந்த அமளியில் நாகமுத்துவின் மச்சான் ஒன்றைக் கண்டுபிடித்தார். சுடச்சுடச் சோறு விழுந்ததில் இலையின் கீழ்ப்பாதி மட்டும் வதங்கியிருந்தது. அதைப் பிடித்து எதிர்ப்பக்கமாக மடித்தார். அது சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

"எட்றா கைய!" என்று நாகமுத்து போட்ட சத்தத்தில் தெரு நாய் குரைத்தது. "அந்தப் பக்கம் மடிக்கிறதுக்கு இது என்ன கருமாதி வீடா?"

நாகமுத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இலை திறந்தே கிடந்தது. சமையலறை வாசலில் நின்ற ஷாந்தினியின் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தினேஸ்வரன் அப்பாவைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான், வாய் வரவில்லை.

சேகரனுக்கு வாய் வந்தது. அந்த இனத்துக்கு எப்போது வராமல் இருந்திருக்கிறது? "அண்ணே, அது இலையோட தப்பில்ல. நீங்க மடிக்கிற விதம்..." என்று தொடங்கினார். வாழை ரகத்தைச் சொல்லலாம், வெயிலைச் சொல்லலாம், பிரிஜிட் அக்காவையும் சொல்லலாம், காரணமா இல்லை? அப்போதுதான் மகளின் முகம் கண்ணில் பட்டது. நாலு வருஷம். அவள் காத்திருந்தது நாலு வருஷம், இவர் வாழை வளர்த்தது ஒரு மாதம். தொடங்கிய வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். காப்பிக்குக் கொதித்துக்கொண்டிருந்த கேத்தலோடு வந்தார்.

"ஏங்க, என்ன செய்யப்போறீங்க?" என்று பவானேஸ்வரி பதறினார்.

சேகரன் நாகமுத்துவின் அருகே குனிந்து, இலையின் மேல்பாதியில், ஊறுகாய்க்கும் பொரியலுக்கும் நடுவே, வெந்நீரை ஊற்றினார். தான் ஒரு மாதம் ஊட்டி வளர்த்த விறைப்பைத் தன் கையாலேயே அவித்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே. மருந்து கூடிப்போச்சு. தப்பு என்னோடதுதான்."

இந்த இனம் தோன்றிய நாள்முதல் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் அதன் வாயிலிருந்து கேட்டதில்லை. பவானேஸ்வரி பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஷாந்தினி முன்னால் வந்து, "அங்கிள், இப்ப மடிச்சுப் பாருங்க" என்றாள்.

நாகமுத்து மடித்தார். கையை எடுத்தார். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இலை அசையவில்லை. அவர் ஒரு நீளமான ஏப்பம் விட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கிள் என்னம்மா அங்கிள்? மாமான்னு கூப்பிடு."

கதை இங்கே முடிந்திருந்தால் ஊருக்கு நல்லது. கிளம்பும்போது நாகமுத்து வீட்டுக்குப் பின்னால் போய், வாழைமரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பலகையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, செர்காம்ல நம்ம தென்னைக்கு உப்புக்காத்து. கீத்தெல்லாம் கருகுது. இந்தத் தூளு... தென்னைக்கும் கேக்குமா?"

ஜன்னலில் பவானேஸ்வரி கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்கிறார். சேகரன் அவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மூன்று டின்களைச் சம்பந்தியின் காரில் ஏற்றினார். "ஒரு கரண்டிதாண்ணே, ஒரே கரண்டி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், உண்மைதான். ஆனால் போன வாரம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த நாகமுத்து ஒரு வீட்டுச் செம்பருத்தியின் முன்னால் நின்று, இலையைக் காதோரம் வளைத்து, "ஸ்ட்ரெஸ்" என்றாராம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு உங்கள் நண்பர் முழங்கால் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாரே, அவர் வலது காலா இடது காலா என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் ஒரு பேரைச் சொன்னீர்களே, அது என்ன? அந்த டப்பா உங்கள் வீட்டு அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது? வேண்டாம், என்னிடம் சொல்ல வேண்டாம். கேத்தலில் மட்டும் எப்போதும் கொஞ்சம் வெந்நீர் வைத்திருங்கள்.