நான் வரைந்த டைனோசர்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவரை எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகாத சமயம். நயினார்கோவில் பக்கத்தில் ஏர் உழும் சம்சாரி வீட்டுப் பிள்ளையான நான், இராமேஸ்வரம் போகும் வழியில் ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்குப் பெண் தருவதாக இருந்தவரோ, "ஆர்டர் கைக்கு வரட்டும் மாப்ளே, அப்புறம் முகூர்த்தம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார். ஆர்டர், பள்ளி இன்ஸ்பெக்டர் கையில். அவர் வருவதற்கு முந்தின வாரம்தான் எனக்கு அந்த எலும்புகள் கிடைத்தன.

மணலில் ஒரு தாடையும் நாலு விலா எலும்பும். விலாவைத் தூக்கினால் கருங்கல் கனம். (எலும்பு கல்லாகிவிட்டது என்று முடிவுகட்ட எனக்கு அரை நிமிஷம் பிடித்தது.) தாடையின் முன்பக்கம் கீழே வளைந்திருந்தது. அப்படியானால் குனிந்து மேய்கிற பிராணி. இலைதழை தின்ற ஆதிகால டைனோசர் ஒன்றைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். கிடைத்தது துண்டுத் தாடையும் கொஞ்சம் எலும்பும்தான். அதை வைத்தே முழு மிருகத்தையும் வரைந்துவிட்டார்களாம். அவர்களால் முடிந்தது என்னால் முடியாதா?

நாலு நாள் உட்கார்ந்து பெரிய தாளில் வரைந்தேன். நீளக் கழுத்து, வால், உரல் மாதிரி நாலு கால். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பி.எஸ்ஸி. படித்தவன் போய்க் கேட்கலாமா?

இன்ஸ்பெக்டர் வந்தார். எலும்புகளை வகுப்பு மேஜையில் பரப்பி, படத்தைக் கரும்பலகையில் மாட்டி, பல கோடி வருஷக் கதையை அளந்தேன். அவர் தலையாட்டி ரசித்தார். அப்போது, மகனுக்கு லீவு சொல்ல வந்த காசிம் காக்கா, வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"காலு எதுக்கு வாத்தியாரே போட்டிருக்கீங்க? இதுக்குக் காலே கிடையாதே."

"காக்கா, இது டைனோசர்."

"ஆவுளியா, வாத்தியாரே. கடல் பசு. அதுக்கு எலும்பே கல்லு கனம் கனக்கும். போன பங்குனியில எங்க வலையில பட்டது. உங்களுக்கும் ஒரு சட்டி கறி குடுத்துவிட்டமே. நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களாம், பய வந்து சொன்னான்."

(ஆட்டுக்கறி என்றல்லவா நினைத்தேன்.)

வகுப்பு சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையன்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. வாத்தியார் மனசு நோகக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்போ இது மேய்கிற பிராணின்னு இவர் சொன்னது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அது சரிதான் சார். கடலுக்கடியில புல்லு கிடக்கு. அதைத்தான் மேயும்."

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் எழுதினார்: 'ஊகம் நன்று. விசாரிக்கும் பழக்கம் போதாது. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்.'

அந்தப் புத்தகத்துக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வரைந்த மிருகத்தை நேரில் பார்த்தவன் எவனும் இல்லை. யாரைப் போய்க் கேட்பார்கள்? எனக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஊரே இருந்தது.

கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. இருபத்தைந்தாவது கல்யாண நாளன்று வீட்டுக்கு வந்தவர்களிடம் என் மனைவி சொன்னாள்: "இருபத்தாறு ஆகியிருக்கணும். ஒரு வருஷத்தை அந்த ஆவுளியா தின்னுருச்சு. இவுக என்னடான்னா, அது புல்லு மட்டுந்தான் திங்கும்னு இன்னமும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறாக."