மாடு தின்னாத போஸ்டர்

"போஸ்டர்ல எங்கண்ணன் எங்கங்க?"

போனில் மனைவி சங்கவி இப்படிக் கேட்டதும் தேவாவுக்குக் குப்பென்று வியர்த்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில், மகளின் காதுகுத்துக்காக அவனே ஒட்டிய ஆளுயரப் போஸ்டரை நிமிர்ந்து பார்த்தான். மாமனார் இருந்தார். கூலிங் கிளாஸ் போட்ட கூட்டாளிகள் அத்தனை பேரும் இருந்தார்கள். தாய்மாமன் வீரமுத்து மட்டும் இல்லை.

"அச்சாபீஸ்காரன் உட்டுட்டான் போல..."

"நாளைக்கு அண்ணன் மடியில உட்கார வெச்சித்தான் பாப்பாவுக்குக் காது குத்தணும். அது கோவிச்சிக்கினு போயிட்டா உங்க மடியிலயா குத்துவீங்க? விழுப்புரத்துல பஸ் ஏறிடுச்சாம். ஜல்தியா கிழிங்க!"

கிழிப்பதாவது! மைதா பசை என்றால் மாடு தின்றுவிடுகிறது என்று, குங்கிலிய மரத்துப் பிசினை எண்ணெயில் காய்ச்சி தேவாவே செய்த பசை அது. மரக்காணத்தில் தோணி விரிசலை அடைக்கிற சரக்கு. கடலுக்கே அசையாது.

தண்ணீரை வீசினான். தூசி போய் முகங்கள் பளபளத்தன.

டீக்கடை ஜெசிந்தாவிடம் தோசைக் கரண்டியைப் பிடுங்கிச் சுரண்டினான். ஒரு மூக்கு மட்டும் பெயர்ந்தது.

"யாரு மூக்கு தம்பி?"

"எங்க மாமனாருதுக்கா."

"அப்ப கோவிச்சிக்க ரெண்டு பேரு."

சுண்ணாம்பு அடித்தான். பிசின் ஊறிய காகிதத்தில் அது ஒட்டாமல் வழிந்து, மூக்கில்லாத மாமனாருக்குத் தாடி வைத்தது.

கடைசியில் செல்போனில் இருந்த வீரமுத்துவின் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, மிச்சப் பசையை ஜெசிந்தாவின் அடுப்பில் சூடாக்கி, மாமனார் மேலேயே அழுத்தி ஒட்டினான். விரல் தோல் கொஞ்சம் சுவரோடு போனது. போகட்டும். மச்சான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

விழுப்புரம் பஸ் வந்து நின்றது. முதல் ஆளாகக் குதித்த வீரமுத்து சுவரைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"என் போட்டோவ யாரு மாப்ள ஒட்டினது?"

"நான்தான் மச்சான்! அச்சாபீஸ்காரன் உன்ன உட்டுட்டான்னு..."

"உடச் சொன்னதே நான்தான்யா! முதலாளி பின்னாடியே வர்றாரு, கிழி, கிழி!"

வீரமுத்து இரண்டு கையாலும் தன் முகத்தைத் தானே பிறாண்டினான். உடைந்தது நகம்தான்.

பஸ்ஸின் பின்படியில், கையில் ரோஜா மாலையோடு ஒரு பெரியவர் நிதானமாக இறங்கினார். போஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியப்பா செத்துட்டாருன்னியே வீரமுத்து, லீவு குடுத்த கையோட மாலையும் வாங்கிக்கினு வந்துட்டேன்... இத இப்ப யாருக்குப்பா போடறது?"