ஏழு உருண்டைத் தோங்ஜி

எழுபது வயதில் புரட்சி செய்யக்கூடாது என்று எந்த இலக்கணத்திலும் விதி இல்லை. ஆகவே நான் முடிவு செய்தேன்: இந்தத் தோங்ஜிக்கு அரிசி உருண்டை உருட்டுவதில்லை.

ஆண்டிலேயே மிக நீண்ட இரவு தோங்ஜி. அன்று ஜொன்ஜு நகரத்தில் சிவப்புப் பயற்றங்கஞ்சி கொதிக்காத வீடு இல்லை. கஞ்சியில் அரிசி உருண்டைகள் மிதக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் வயதுக்கு எத்தனையோ அத்தனை உண்ண வேண்டும். என் வீட்டில் உண்பவர் இருவர்; உருட்டுபவர் ஒருவர். அந்த ஒருமை நான்.

அதே நாள் பிற்பகலில்தான் எங்கள் முதியோர் மன்றத்தில் பாதுக் இறுதி ஆட்டம். கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடும் போர் அது. வென்றவருக்குக் கோப்பை கிடையாது. அதைவிடப் பெரிய பரிசு உண்டு. குளிர்காலம் முழுவதும், அடியில் சூடேற்றிய மன்றத்துத் தரையின் மிகச் சூடான மூலை அவருக்கே உரியது. மூன்று ஆண்டுகளாக அதில் பியோ அமர்ந்திருக்கிறார். ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. என்னை அவர் ஒருமுறைகூடத் தோற்கடித்ததில்லை. நான் மாவும் கையுமாக வீட்டில் இருக்க, வராதவன் தோற்றான் என்று எழுதிக்கொண்டார்கள். நான் குளிர்ந்த தரையில் அமர்ந்து அவருடைய சூடான முகத்தைப் பார்த்து வருகிறேன்.

காலையில் மனைவியிடம் பேச்சைத் தொடங்கினேன்.

"ஹேரான் அம்மா, இந்த வருஷம் தோங்ஜியை எளிமையா கொண்டாடிடுவோம்."

"எளிமைன்னா? நான் செய்யற மாதிரியா, நீங்க உக்காந்து பாக்கற மாதிரியா?"

"வயசுக்கு ஒரு உருண்டை எதுக்கு? பத்து வயசுக்கு ஒண்ணு போதும். எனக்கு ஏழு, உனக்கு ஆறு. கால் மணி நேரத்துல முடிஞ்சுது."

அவள் பயற்றைக் களைவதை நிறுத்தினாள்.

"ஏழு சாப்பிட்டா உங்களுக்கு ஏழு வயசுதானே ஆகும்?"

"ஆகட்டுமே! தின்ன உருண்டைதான் வயசு. வழக்கம் அப்படித்தானே?"

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"வாழ்நாள் பூரா இலக்கணம் நடத்தினவன் நான். சொன்ன விதியை மாத்தினதே இல்லை."

"நல்லது" என்றாள். அவள் நல்லது என்றால் யாருக்கு என்று கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. இருந்திருக்க வேண்டும்.

மாடி முகப்புக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அம்மாளை அழைத்தாள். "தக் அக்கா! இந்தத் தடவை தோங்ஜி, பிறைக் கணக்குல மாசம் பொறந்ததுமே வருதே, அதுக்கு என்ன வழக்கம்?"

"தெரியாத மாதிரி கேக்கறியே! பிள்ளைத் தோங்ஜிடி. குழந்தை இருக்கற வீட்டுல கஞ்சி வைக்கக் கூடாது, குழந்தைக்கு ஆகாது. புட்டுதான் அவிக்கணும்."

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்குக்கா. ஏழு வயசு."

"யாரு, பேரன் வந்திருக்கானா?"

"இல்லக்கா, இங்கயே வளருது. வாத்தியார் வேலை பாத்து ஓய்வும் வாங்கிருச்சு."

இரு மாடி முகப்புகளும் சிரித்தன. நான் விடவில்லை.

"அப்படிப் பாத்தா உனக்கும் ஆறு வயசுதான்!"

"அப்ப வீட்டுல ரெண்டு குழந்தை. கஞ்சிக்கு வழியே இல்ல."

ஆனால் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. கஞ்சி இல்லையெனில் உருண்டையும் இல்லை. கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? போற வழிதான், மில்லுல மாவு வாங்கிட்டு வந்துடுங்க. நேத்தே அரிசி குடுத்துட்டேன்."

"நேத்தேயா? நேத்து நான் இந்த விதியையே சொல்லலையே!"

"மேல் வீட்டுல கைக்குழந்தை. கட்டடத்துக்கே புட்டுதான்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு. தூக்கிட்டு வரத்தான் ஆள் இல்லாம இருந்துது."

மூட்டை என்னைவிடக் கனமாக இருந்தது. ஒரு வரி மாவு, ஒரு வரி பயறு என்று அவள் அடுக்கி அவித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சூடு ஆறுமுன் எல்லா வீடுகளுக்கும் தட்டுப் போக வேண்டுமாம். மின்தூக்கி பழுது.

"நான் ஏன் போகணும்?"

"அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொண்டு போறது பிள்ளைங்க வேலைதானே?"

"நீயும் பிள்ளைதானே!"

"நான் ஆறு, நீங்க ஏழு. படிக்கட்டுல சின்னப் பிள்ளையையா ஏத்துவாங்க?"

விதி என்னுடையது. ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று நிற்க வைத்தார்கள். ஆரஞ்சு கொடுத்தார்கள். மூன்றாம் மாடியில் கன்னத்தையும் கிள்ளினார்கள். தக் அம்மாளின் குரல் எனக்கு முன்பே அங்கு ஏறியிருந்தது.

கடைசித் தட்டு முதியோர் மன்றத்துக்கு. அதைக் கேட்டதும் ஓடினேன். மூச்சிரைக்க உள்ளே நுழைந்தேன். பலகை காத்திருந்தது. பியோவும் காத்திருந்தார். எழுதுபவர் இன்னும் எழுதவில்லை! தட்டை வைத்தேன், எதிரே அமர்ந்தேன், கறுப்புக் காய்க் கிண்ணத்துக்குள் கையை விட்டேன்.

பியோ கிண்ணத்தை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வாத்தியாரே, உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க."

"என்னவாம்?"

அவர் சன்னலைக் காட்டினார். ஆண்டின் மிகச் சிறிய பகல் முடிந்து வெளியே இருள் கவிந்துகொண்டிருந்தது.

"குழந்தையை இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பிடச் சொன்னாங்க."