ரோமாபுரி அண்ணையின் ராணிக்காசு

கிழக்கு லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தானே பொறுப்பு என்று கூசாமல் சொன்ன ஒரே மனிதர் ரோமாபுரி அண்ணைதான். அதையும் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுவார்.

அங்கே ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நகைக்கடை வைத்திருந்தார். பட்டப்பெயருக்குக் காரணம், ஏலத்தில் எடுத்த ரோமர் காலத்துப் பொற்காசு. ஒரு பக்கம் கொண்டை போட்ட மகாராணி. மறுபக்கம் கைக்குழந்தையோடு ஒரு தாய். காலடியில் இன்னும் இரண்டு வாண்டுகள். தொட்டால் பிள்ளைவரம் நிச்சயம் என்பது அண்ணையின் கணக்கு. தாலிக்கொடி வாங்க வரும் ஜோடிகள் அதைத் தொட்டுக் கும்பிடாமல் வாசலைத் தாண்ட முடியாது.

கொடியில் தாலிக்குப் பக்கத்தில் இங்கிலாந்துப் பவுண் காசு கோர்ப்பது எங்கள் வழக்கம். அண்ணைக்கு அது ஆகாது.

"திருப்பிப் பாருங்கோ. ஒருத்தன் குதிரையிலை இருந்து வாளாலை ஒரு பிராணியைக் கொல்லுறான். கலியாண வீட்டுக்கு வாற ஆளே அவன்?"

அறுந்த சங்கிலியை ஒட்டக் கொடுக்கப் போன என்னிடமும் காசை நீட்டினார்.

"தொடும் ஐசே."

"ஐயோ அண்ணை, எனக்கு ஏற்கெனவே நாலு. வீட்டிலை ரெண்டே ரெண்டு அறை!"

கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தது. ரோம சாம்ராஜ்யம் விழுந்தபோதும் கீறல் படாத காசில் தன் கையாலேயே வளையம் ஒட்டி, மகளின் கொடியில் கோர்த்தார். பழங்காசு சேர்ப்பவர்கள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

நான் சங்கிலியை எடுக்கப் போன அன்று மகள் கடையில் நின்றாள்.

"நோ, அப்பா. எங்களுக்குப் பிள்ளை வேண்டாமெண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்திட்டம். இந்த அம்மாவையும் பிள்ளையளையும் கழுத்திலை போட்டுக்கொண்டு என்னாலை பொய் சொல்ல ஏலாது. இது இப்பிடியே கொடியிலை இருந்தா நான் மணவறைக்கு வர மாட்டன்."

செத்தவீட்டிலும் பகிடி விடுகிற நான், தோடுகளை எண்ணுவதுபோல் குனிந்து நின்றேன். அண்ணை கொடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். கொடியில் அதே காசு; அதே கொண்டை.

"மாமா, பின்னாலை பாருங்கோ" என்று மகள் சிரித்துக்கொண்டே காசைத் திருப்பினாள். தாயும் பிள்ளைகளும் இருந்த இடத்தை முழுதாக மூடி, வழவழவென்று ஒரு தங்கத் தகடு.

"என்னண்ணை, ஊருக்கெல்லாம் காட்டின பக்கத்தையே மூடிப்போட்டியள்?" என்றேன்.

அவர் மகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவளுக்கு வேண்டாமெண்டா எனக்கும் வேண்டாம். போம் ஐசே, சோறு ஆறுது."

நான் பந்திக்குப் போய், பக்கத்துக் கதிரையில் என் கோட்டைப் போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்தேன்.