நாற்பத்திரண்டாவது எபிசோடு

மகன் சபரிநாதன் இனிமேலும் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசிக்கொண்டிருப்பான், அதற்குத் தான் பொறுப்பு என்று குணசீலன் சபதம் எடுத்தபோது, சபரிநாதன் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

சபதம் எடுத்த இடம் சேந்தமங்கலம் ரோட்டில் அவருடைய கோழிப்பண்ணை. ஆறாயிரம் முட்டைக்கோழிகள் சாட்சி. அத்தனையும் ஒரே சமயத்தில் கொக்கரித்தன. அதை அவர் ஆதரவு என்று எடுத்துக்கொண்டார். வீட்டில் தன் முடிவுக்கு ஆதரவு கிடைத்துப் பழக்கமில்லாத மனிதர், பாவம்.

சபரி பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிய நாட்களில் மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவான். விளையாடிக்கொண்டே பேசுவான். அதைப் பதிவு செய்து யூடியூபில் போடுவான். "ஒருத்தன் விளையாடறத இன்னொருத்தன் வேல வெட்டி இல்லாம உக்காந்து பாப்பானா?" என்று குணசீலன் அப்போது கேட்டார். பார்த்தார்கள். நாலாயிரம் பேர் பார்த்தார்கள்.

விளையாட்டு இதுதான். பாழடைந்த ஓர் ஆய்வுக்கூடம். அங்கே கண்ணாடித் தொட்டிக்குள் ஒருவன் கண் விழிப்பான். வெளியே வந்து நாலு அடி வைப்பான், எதிலாவது விழுந்து சாவான், மறுபடியும் தொட்டிக்குள் கண் விழிப்பான். விளையாட்டில் அவனுக்குப் பெயரே கிடையாது. சபரிதான் தன் தாத்தா பெயரை வைத்தான். "மக்களே, சென்னிமலை காலி! யாரும் அழுகாதீங்க. தொட்டிக்குள்ள அடுத்த சென்னிமலை ஊறிட்டு இருக்காரு!" என்று அவன் கத்தும்போது, சுவரில் மாலை போட்டுத் தொங்கிய அசல் சென்னிமலை கவுண்டர் எதுவும் சொல்லமுடியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

பார்க்கிறவர்கள் சும்மா பார்க்கவில்லை. கீழே கருத்துப் பகுதியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். எழுந்து வருகிறவர் அதே சென்னிமலைதான், அவருக்குச் சாகாவரம் இருக்கிறது என்பது ஒரு கட்சி. செத்தவர் செத்தவர்தான், வருவதெல்லாம் நகல் என்பது இன்னொன்று. பதினேழாவது எபிசோடிலிருந்து சென்னிமலை இடது கையால் கதவைத் திறக்கிறார், ஆகவே நகல் என்று ஒருவர் படம் வரைந்து அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தார்.

அதைவிடப் பெரிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. எல்லா எபிசோடிலும் எங்கேயோ தூரத்தில் ஒரு பெண் கூப்பிடும் சத்தம் லேசாகக் கேட்கும். அவள்தான் ஆய்வுக்கூடத்தின் தலைவி, அவள் கூப்பிடுகிறவரைக்கும் சென்னிமலைக்குச் சாவு கிடையாது என்று திண்டிவனத்து ரசிகர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு அறுநூறு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

அந்தத் தலைவி குணசீலனின் மனைவி அறிவுச்செல்வி. சபரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பதிவு செய்வான். மாடிப்படிக்குக் கீழே நின்று செல்வி, "சபரீ, சோறு ஆறுது, வா சாமி!" என்று கூப்பிடுவாள். மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். ரசிகர்கள் கேட்டால் சபரி, "அது ரகசியம் மக்களே" என்று சிரிப்பான்.

பிறகு ஆடி மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. ஆறே நாள்.

அன்றிலிருந்து செல்வி யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. தட்டில் போட்டு மூடி வைப்பாள். மூடி 'டங்' என்னும். குணசீலன் வந்து சாப்பிடுவார். ஏன் கூப்பிடுவதில்லை என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் குணசீலன் மகனுடைய கம்ப்யூட்டரைத் திறந்தார். கடவுச்சொல் திரை ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. உள்ளே நாற்பத்தொரு எபிசோடுகள். முப்பதுதான் வெளியே போயிருந்தன. மிச்சம் பதினொன்றும் யாரும் பார்க்காமல் கிடந்தன. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ஒன்றை வெளியிட்டு, கூடத்து டிவியிலும் போட்டார். செல்வி வந்து உட்கார்ந்தாள். ஏழு மாதமாக அரைத் தோசையோடு எழுந்துபோனவள் அன்றைக்கு இரண்டு தோசை சாப்பிட்டாள்.

"இன்னும் எத்தன இருக்குதுங்க?" என்றாள்.

"கெடக்குது புள்ள, நூறுக்கு மேல. நீ பாத்துட்டே இரு."

வாய் அளந்த கணக்குக்கு இருப்பு ஏது? பதினோரு வெள்ளிக்கிழமை ஓடிப்போயிற்று. பன்னிரண்டாவது வந்தால் செல்வி மறுபடி அரைத் தோசைக்குப் போய்விடுவாள், அப்புறம் கால் தோசை, அப்புறம் என்ன ஆகுமோ என்று குணசீலன் பயந்துபோனார். அதனால்தான் கோழிகள் முன்னிலையில் அந்தச் சபதம்.

நாமக்கல்லில் தண்டாயுதபாணி என்று ஒருவர் விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் கொடுப்பவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி முதல் காது குத்து வரைக்கும் ஊரில் மைக்கில் கேட்பதெல்லாம் அவர் குரல்தான். இப்போது ஒருவர் பேசுவதை இன்னொருவர் குரலுக்கு மாற்றும் வித்தையையும் கம்ப்யூட்டரில் கற்றுவைத்திருந்தார். சபரியின் பழைய பதிவுகளை எடுத்துக்கொண்டு குணசீலன் அவரிடம் போனார்.

"நான் பேசறனுங்க. பெட்டி அத உங்க பையன் கொரலா மாத்திப்போடும். அச்சு அசலா இருக்கும்" என்று ஓடவிட்டார்.

'மக்களே' என்றது பெட்டி.

சபரியின் குரல். குணசீலன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் முழுக்க மூடிக்கொண்டார். தண்டாயுதபாணி எழுந்துபோய் வெளியே நின்றுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். மீதியைப் போட்டார்.

'வாருங்கள் மக்களே வாருங்கள்! சென்னிமலை காலி! முந்துங்கள்! இன்று ஒருநாள் மட்டும்!'

"என்னுங்க இது?"

"பழக்க தோசமுங்க. கடேசி வரிய வெட்டிப்போடறேன்."

குரல் கிடைத்தது. விளையாட யார்? குணசீலனேதான். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடி அறையில் உட்கார்ந்தார். சபரி இருபது நிமிஷத்தில் நாலு அறைகள் தாண்டுவான். குணசீலன் முதல் அறைக் குழியிலேயே அறுபத்து மூன்று தடவை விழுந்தார். "எங்கப்பன் பேர வெச்சு எங்கையாலயே இத்தன தடவ கொல்லறனே" என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அறுபத்து நாலாவது சென்னிமலை எப்படியோ தாண்டினார். இத்தனை நாளும் செல்வி கீழே இருந்து, "மேல என்னுங்க பண்றீங்க?" என்று கேட்பாள். "தீவனக் கணக்கு" என்பார் இவர். "இந்த மாசம் கோழி ரொம்பத்தான் திங்குதாட்ட இருக்குது" என்பதோடு அவள் விட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டாவது எபிசோடு டிவியில் ஓடியது. குணசீலன் டிவியைப் பார்க்கவில்லை, செல்வியைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இரண்டு தோசை உள்ளே போயிற்று.

"நல்லா இருந்துச்சுங்க" என்றபடி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குணசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் செல்வியை ஏமாற்றியது இதுதான் முதல் தடவை.

சந்தோஷம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்தது. அன்றைக்குக் கருத்துப் பகுதியைத் திறந்தார். 'அண்ணா இன்னைக்கு என்ன, சேலை விக்கற மாதிரி பேசறீங்க?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அது போகட்டும். அதற்குக் கீழே 'கருவேப்பிலைக்கொத்து' என்ற பெயரில் புதிதாக ஒரு கருத்து:

'இந்த எபிசோடில் அந்தம்மா கூப்பிடவே இல்லை. கூப்பிடாமல் சென்னிமலை எப்படிப் பிழைத்தார்? இது நகல்.'

இருநூறு பேர் அதற்குக் கீழே கூடிவிட்டார்கள். இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. நகல், நகல் என்று ஒரே கூச்சல். சபரி இறந்ததே தெரியாத அந்தக் கூட்டம், விளையாட்டாகத்தான் சொன்னது. குணசீலனுக்கு மட்டும் அது விளையாட்டாகப் படவில்லை. இது செல்வி கண்ணில் பட்டால்?

யாரடா இந்தக் கருவேப்பிலைக்கொத்து என்று பல்லைக் கடித்தாலும், சொன்னதில் தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அடுத்த எபிசோடில் அந்தச் சத்தம் வேண்டும். பழைய பதிவிலிருந்து வெட்டலாம் என்றால், எல்லாவற்றிலும் சபரியின் பேச்சும் சேர்ந்தே வருகிறது, பிரிக்கமுடியாது என்று தண்டாயுதபாணி கைவிரித்துவிட்டார். செல்வியே புதிதாகக் கூப்பிட்டால்தான் உண்டு. கூப்பிடு என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

குணசீலன் இரண்டாவது திட்டம் போட்டார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மாடியில் போய் உட்கார்ந்துகொள்வது. இறங்கி வராமல் இருப்பது. பொறுமை இழந்து அவள் கூப்பிடும்போது, மேல்படியில் வைத்த போன் பதிவு செய்துகொள்ளும்.

திங்கட்கிழமை கீழே 'டங்' என்றது. இவர் அசையவில்லை. அரைமணி கழித்துச் செல்வி ஒரு வார்த்தை பேசாமல் தட்டை மாடிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். போனில் பதிவானது அவள் கொலுசுச் சத்தம் மட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கமான ஆறு இட்லி நாலாகக் குறைந்தது. மத்தியானம் 'டங்'. இவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். யாரும் வரவில்லை. சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

புதன்கிழமை காலை இரண்டே இட்லி.

"ஏம்புள்ள, மாவு தீந்து போச்சா?"

"மாவு இருக்குதுங்க. உங்களுக்குத்தான் பசியில்லையாட்ட இருக்குது."

அன்று மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம் தாளித்த வாசனை மாடிப்படி ஏறி வந்தது. ஆறாயிரம் கோழிக்கு வேளாவேளைக்குத் தீவனம் போடுகிற மனிதர், பசியில் காது அடைத்து மகனுடைய நாற்காலியில் சுருண்டு கிடந்தார். மேல்படியில் போன் ஓடிக்கொண்டிருந்தது. 'டங்' சத்தம் வரவில்லை. கொலுசுச் சத்தம் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றது.

"ஏனுங்க."

குணசீலன் நாற்காலியில் இன்னும் சுருண்டுகொண்டார்.

"மேல்படில போன் ஓடிட்டிருக்குதுங்களா?"

"எ... எந்தப் போனு?"

"இந்த வயசுல பொய் பழகாதீங்க. உங்களுக்கு வராது. அந்தக் கருவேப்பிலைக்கொத்து நாந்தானுங்க."

குணசீலன் எழுந்து வந்து மேல்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கீழ்ப்படியில் செல்வி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப உனக்கு..."

"நாப்பத்தொண்ணோட முடிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரீமுங்க. ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டது நானுங்களே. நாப்பத்தொரு ஞாயித்துக்கெழம. நீங்க நூறுன்னீங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன்."

"ஏம்புள்ள அப்பவே சொல்லல? வெள்ளிக்கெழமயானாத்தான் நீ ரெண்டு தோச உங்கறே. அதுவும் நின்னு போச்சுன்னா உன்னையும் பறிகுடுத்துருவனோன்னு..."

"நானுங்களா?" செல்வி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "வெள்ளிக்கெழமயானாத்தான் நீங்க தாடி வழிச்சு, சட்ட மாத்தி, மனுசனாட்ட வந்து உக்காந்தீங்க. மத்த ஆறு நாளும் பண்ணையே கதின்னு கெடந்தீங்க. நான் உண்டாத்தான் நீங்களும் உங்கறீங்கன்னு, தொண்டைல எறங்காத தோசய ரெண்டு ரெண்டாத் தள்ளுனேன். அவன் கொரலக் கேக்கறப்பெல்லாம் எனக்கு வகுறு பத்தி எரிஞ்சுதுங்க. சேலை விக்கற கொரலையும் போட்டீங்க பாருங்க, அன்னிக்குத்தான் முடியல. எழுதிப்போட்டேன்."

இத்தனை நாளும் யார் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று குணசீலன் யோசித்தார். கணக்கு எப்படிப் போட்டாலும் அவர்தான் தோற்றார். அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

செல்வி இரண்டு படி ஏறி வந்து நின்றாள்.

"நாப்பத்திரெண்டாவது தடவையும் நான் கூப்பிட்டனுங்க" என்றாள். "ஆசுபத்திரில. நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. கண்ணாடிக்கு அக்கட்ட படுத்திருந்தான். அந்தப் பசங்க எழுதியிருந்தாங்களே, அந்தம்மா கூப்பிடறவரைக்கும் சாவு கிடையாதுன்னு. அதப் படிச்சு நானும் அவனும் எத்தன சிரிப்புச் சிரிச்சிருக்கறோம். அன்னிக்கு நெசமாவே நம்பிக் கூப்பிட்டேன். சோறு ஆறுது வா சாமின்னு கத்துனேன். நர்சம்மா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு. அதுக்கப்பறம் யாரக் கூப்பிடவும் எனக்கு வாய் வரலைங்க."

மேல்படியில் போன் ஓடிக்கொண்டே இருந்தது. குணசீலன் அதை எடுத்து அணைத்தார்.

"வெள்ளிக்கெழம என்ன புள்ள போடறது?" என்றார். "நாலாயிரம் பேரு காத்துட்டிருப்பாங்க."

"உள்ளத எழுதிப் போடுங்க. அந்தம்மா கூப்பிட்டுப் பாத்தா, அவன் வரலைன்னு போடுங்க."

செல்வி திரும்பிக் கீழே இறங்கினாள். சமையலறை வாசல் வரைக்கும் போய் நின்றாள். பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்த தொண்டையைச் செருமினாள்.

"ஏனுங்க! சோறு ஆறுது, வாங்க சாமி!"

குணசீலன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். செல்வி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கூப்பிட்டா வாரதுக்கு ஒரு ஆளாச்சும் மிச்சமிருக்குதே. எந்திரிச்சுப் போயி மொதல்ல கையக் கழுவுங்க, கோழி நாத்தம் தாங்கல."